நன்னீர் மீன் தொட்டியைக் கடல்நீர்த் தொட்டியாக மாற்றுவது எப்படி? உப்பைவிட அவசியமானது காத்திருப்பு

கப்பி, மோலி, தங்கமீன் என ஓரிரு ஆண்டுகள் வளர்த்துக் கைப்பழக்கம் பெற்றவர்களின் கண் அடுத்ததாகச் செல்லும் இடம், பெரும்பாலும் கடையின் கடல்மீன் வரிசையாகவே இருக்கிறது. வெண்பட்டை அணிந்த கோமாளி மீன், நீலப் பொடி தூவியது போன்ற பவுடர் புளூ டாங், நீலமும் பச்சையும் ஆரஞ்சும் நெளிந்தோடும் மாண்டரின் மீன் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவோர் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: வீட்டில் ஏற்கெனவே இருக்கும் தொட்டியில் உப்பைக் கரைத்தால் போதாதா?

போதாது. கண்ணாடிப் பெட்டி அதுவாகவே இருக்கலாம். அதற்குள் இயங்கும் உலகம் வேறு. அந்த உலகம் உருவாவதற்கு முன்பே மீனை வாங்கிவிடுவதுதான், புதிதாகக் கடல்நீர்த் தொட்டி அமைப்போர் செய்யும் மிகப் பொதுவான பிழை. விலை கொடுத்து வாங்கிய மீன் சில வாரங்களில் இறக்கிறது. அதன் இடத்தை நிரப்ப இன்னொன்று வாங்கப்படுகிறது. நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பான்மை பண்ணையில் பிறந்தவை. கடல்சார் அலங்கார மீன்களிலோ பெரும்பான்மை இன்றும் பவளப்பாறைகளிலிருந்து பிடிக்கப்படுபவை. ஆகவே இங்கு வீட்டுத் தொட்டியில் நிகழும் இறப்பு, கடலிலிருந்து மற்றொரு மீனை வெளியே இழுக்கும் இறப்பாகவும் ஆகிவிடுகிறது.

இரு வகை நீர், இரு வகை உடல்

நன்னீர் மீனின் உடல் திரவம் அது வாழும் நீரைவிட உப்பு மிகுந்தது. எனவே வெளியிலுள்ள நீர் செவுள்கள் வழியே இடைவிடாமல் உள்ளே புகுகிறது. உள்ளே வந்த நீரை நீர்த்த சிறுநீராக வெளியேற்றுவதே அதன் சிறுநீரகத்தின் முழுநேர வேலை. கடல் மீனின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் உடல் திரவத்திலுள்ள உப்பு, கடல்நீரில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் உடலிலிருந்து நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் தாகத்தில் வாழும் உயிர் அது. கடல்நீரைக் குடித்து, மிகுதியான உப்பைச் செவுள்கள் வழியே வெளித்தள்ளி உயிர் வாழ்கிறது. ஒன்றை மற்றொன்றின் நீரில் விட்டால் நேர்வது என்ன என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இரண்டிலும் வாழக்கூடிய சில மீன்கள் உண்டு. மோலி மீனைப் படிப்படியாகப் பழக்கினால் முழு உப்புள்ள கடல்நீரிலும் வாழும். பச்சைப் புள்ளி பஃபர், ஸ்கேட் போன்ற கழிமுகத்து மீன்களின் கதை சற்று வேறு. இவை குஞ்சாக இருக்கும்போது நன்னீர் மீன்கள் என்றே பல கடைகளில் விற்கப்படுகின்றன. வளர வளர இவற்றுக்கு உப்பு தேவைப்படுகிறது. அது கிடைக்காதபோது நிறம் மங்கி, இரை எடுப்பது குறைந்து, நோய்வாய்ப்பட்டு இறக்கின்றன. இவற்றை வளர்ப்பது கடினம் என்ற பெயர் மீனால் வந்ததன்று. தவறான நீரால் வந்தது. இத்தகைய மீன் வீட்டில் இருந்தால், வாரந்தோறும் தண்ணீர் மாற்றும்போது ஒப்படர்த்தி 0.002 அளவுக்கு மட்டும் உயருமாறு உப்பைச் சிறுகச் சிறுகக் கூட்டிச் செல்லலாம். மீனைத் தொட்டியிலேயே வைத்துக்கொண்டு மாற்றத்தைச் செய்ய இடமுள்ள நிலை ஏறக்குறைய இது ஒன்றே. மற்ற எல்லா நிலைகளிலும் பழைய மீன்களுக்கு வேறு வீடு தேடிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

அந்த வேறு வீடு, ஆறோ ஏரியோ அல்ல. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று வாங்கப்பட்டு, பெரிதானதும் நீர்நிலைகளில் விடப்பட்ட சக்கர் மீன்கள், கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலங்கள் உட்பட நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகி மீன் வளர்ப்போருக்குத் தொல்லையாகியுள்ளன. வாங்கிய கடையிலேயோ, நன்னீர்த் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமோ கொடுப்பதே முறை.

பழையதில் எது மிஞ்சும்?

கண்ணாடித் தொட்டியும், அதைத் தாங்கும் மேசையும் மிஞ்சும். ஆற்றுக் கூழாங்கல், மரக்கட்டை, செடிகள், வண்ணக் கற்கள் அனைத்தும் வெளியேற வேண்டும். மரக்கட்டை நீரை அமிலத் தன்மைக்கு இழுக்கும், கடல்நீருக்கோ பி.எச். அளவு 8.1 முதல் 8.4 வரை நிலையாக இருக்க வேண்டும். சுண்ணாம்புத் தன்மையுள்ள அரகோனைட் மணல் இதற்குத் துணை செய்யும். தொட்டியைக் கழுவச் சோப்பைத் தொடக்கூடாது. நீர்த்த வினிகர் போதும். பிறகு பலமுறை அலச வேண்டும்.

ஒரு பழைய வரலாற்றை மட்டும் நினைவுபடுத்திப் பார்ப்பது நல்லது. அந்தத் தொட்டியில் எப்போதாவது தாமிரம் கலந்த மருந்து ஊற்றப்பட்டதா? தாமிரம் மீனுக்கு மருந்து. இறால், நத்தை, பவளம் போன்ற முதுகெலும்பில்லா உயிர்களுக்கு அது நஞ்சு. கல்லிலும் மணலிலும் படிந்திருந்து மெல்ல மெல்லக் கரைந்து வெளிவரும். ஐயம் இருந்தால் அந்தத் தொட்டியில் மீன் மட்டும் வளர்ப்பது என்று முடிவெடுத்துக்கொள்ளலாம்.

கருவிகளில் செலவு கூடும். ஒரே வெப்பநிலையில் கடல்நீரில் கரையும் ஆக்சிஜன், நன்னீரில் கரைவதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே அலையெழுப்பும் மோட்டார் அலங்காரப் பொருளன்று. நுண்குமிழிகளை எழுப்பிக் கழிவு மிகுந்த நுரையை வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர், நன்னீரில் சரியாக வேலை செய்யாது. கடல்நீரில் அதுவே துப்புரவுப் பணியாளர். கழிவு அழுகி அம்மோனியாவாக மாறுவதற்கு முன்பே அதை நீக்கிவிடுவது இதன் சிறப்பு. தெறிக்கும் நீர் காய்ந்து உப்பாகப் படிவதால் விளக்குகளின் இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்கும். மின்கம்பிகள் பிளக்கை நோக்கி நேராகச் செல்லாமல், சற்றுக் கீழே தொங்கி மேலேறுமாறு அமைத்தால், கம்பி வழியே வழியும் உப்புநீர் பிளக்கை எட்டாது. உயிர்ச்சேதத்தைத் தடுக்கும் இந்தச் சிறு ஏற்பாட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

தொட்டி பெரிதாக இருந்தால் வேலையும் பெரிது என்று நினைப்பது இயல்பு. கடல்நீர்த் தொட்டியில் உண்மை தலைகீழ். 30 லிட்டர் தொட்டியில் ஒரு வேளை உணவு கூடுதலாக விழுந்தாலே நீர் கெடும். 200 லிட்டரில் அதே பிழை தாங்கப்படும். முதல்முறை மாற்றுவோர் 150 லிட்டருக்குக் கீழுள்ள தொட்டியைத் தவிர்ப்பது மேல்.

தண்ணீரும் உப்பும் வெயிலும்

கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. 25 பாகை செல்சியஸில் அதன் ஒப்படர்த்தி 1.025 அளவில் இருக்கும். 200 லிட்டர் நீருக்கு 7 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக உப்புக் கலவை வேண்டும் என்பது இதன் பொருள். சமையல் உப்பு இங்கு உதவாது. கடலின் உப்பில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து சுமார் 85 சதவீதம்தான். மீதமுள்ள மெக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் ஆகியவைதான் நீரின் காரத்தன்மையைக் காத்து உயிர்களை வாழவைப்பவை. அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும் கடல் உப்புக் கலவை இவற்றையெல்லாம் உரிய விகிதத்தில் கொண்டது.

கரைக்கப்படும் தண்ணீர் சுத்தமானதாக இருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மை, நைட்ரேட் ஆகியவை தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். ஆர்.ஓ. நீரே பொருத்தம். ஆனால் வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில், சுவைக்காகத் தாது உப்புகளைச் சேர்க்கும் அல்லது சுத்திகரிக்காத நீரை ஓரளவு கலக்கும் அமைப்பு உண்டு. அந்த நீரை டி.டி.எஸ். மீட்டரால் அளந்து பார்க்காமல் நம்பக்கூடாது. அளவு பூஜ்யத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நன்று. கடலோர நகரங்களில் கடல்நீரையே குடத்தில் கொண்டுவருவோரும் உண்டு. கழிவுநீர் கலக்கும் நகரக் கரையோரத்து நீர் அதற்கு உகந்ததன்று.

உப்பைத் தொட்டிக்குள் நேரடியாகக் கொட்டுவதும் தவறு. தனி வாளியிலோ டிரம்மிலோ மோட்டார் வைத்துச் சுழலவிட்டு, ஒருநாள் கழித்து அளந்த பிறகே ஊற்ற வேண்டும். மிதவை அல்லது முள் வைத்த மலிவு ஹைட்ரோமீட்டர்கள் தவறு காட்டுவது வழக்கம். கைக்கு அடக்கமான ரிஃப்ராக்டோமீட்டர், 35 கிராம் அளவுள்ள திரவத்தால் சரிபார்க்கப்பட்டால், நம்பத் தகுந்தது.

அதன்பின் தினசரி வரும் கேள்வி ஆவியாதல். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 200 லிட்டர் தொட்டியில் 10 லிட்டர் ஆவியானால் 35 என்ற அளவு ஏறக்குறைய 36.8 ஆகிவிடும். குறைந்த நீரை ஈடுசெய்ய உப்பில்லாத ஆர்.ஓ. நீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றி ஊற்றி, காரணம் புரியாமல் மீன்களை இழந்தவர்கள் பலர்.

இந்தியக் கோடையில் இது இரட்டைச் சிக்கல். கடல் மீன்களுக்கு 25 முதல் 27 பாகை வரை உகந்தது. நாக்பூரிலோ தில்லியிலோ மே மாதத்து அறை வெப்பம் அதைத் தாண்டி நிற்கும். நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று பாகை குறையும். ஆனால் ஆவியாதல் பெருகும். குளிரூட்டும் சில்லர் கருவி சிக்கலைத் தீர்க்கும். அதன் விலை சில வேளைகளில் தொட்டியின் விலையை மிஞ்சும். வெப்பம் கூடும்போது ஆக்சிஜனும் குறையும் என்பதால், மின்வெட்டு நேரத்தில் பேட்டரியில் இயங்கும் ஒரு சிறு காற்று மோட்டார் கையிருப்பில் இருக்க வேண்டும். செலவுப் பட்டியலில் மீனின் விலையை முதலில் எழுதுவோர், இந்த மூன்று வரிகளை எழுதிய பிறகு மீனை மறுபடி யோசிப்பது நல்லது.

கல் வாங்கும் முன் சட்டம்

வெளிநாட்டுக் கையேடுகளும் காணொளிகளும் முதல் நாளிலேயே பரிந்துரைக்கும் பொருள், கடலிலிருந்து எடுத்த 'உயிர்ப்பாறை'. பவளத்தின் சுண்ணாம்பு எலும்புக்கூட்டில் நுண்ணுயிர்கள் குடியேறிய கல் அது. இந்தியாவில் இந்தப் பரிந்துரையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது. பாறை அமைக்கும் பவளங்கள் 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடற்குதிரைகளும் கடல் அட்டைகளும் அதே ஆண்டில் அவ்வாறே சேர்க்கப்பட்டன. முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. கடையில் வெளிப்படையாக விற்கப்படுகிறது என்பது வாங்கியவருக்குப் பாதுகாப்பாகாது.

மாற்று வழி எளிது. துளைகள் மிகுந்த செராமிக் கற்கள், சிமெண்டும் சுண்ணாம்பு மணலும் சேர்த்து வார்க்கப்பட்ட செயற்கைப் பாறைகள் ஆகியவை அதே வேலையைச் செய்யும். அவற்றில் நுண்ணுயிர் குடியேறச் சில வாரங்கள் கூடுதலாகும், அவ்வளவே. புதிய சிமெண்ட் பாறை நீரின் காரத்தன்மையை உயர்த்தும் என்பதால், பயன்படுத்தும் முன் வாரக்கணக்கில் நன்னீரில் ஊறவைத்து நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மீன் இல்லாத ஆறு வாரங்கள்

தொட்டி நிறைந்து, அலை எழுந்து, விளக்கு எரிகிறது. கண்ணாடிபோல் தெளிந்த நீர். மீனை விடுவதற்கு இதைவிட ஆபத்தான நேரம் இல்லை.

மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அம்மோனியாவாக மாறும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். தொட்டியின் உண்மையான வடிகட்டி பஞ்சோ மோட்டாரோ அன்று. கல்லிலும் மணலிலும் படர்ந்திருக்கும் இந்த நுண்ணுயிர்ப் படலமே. நன்னீர்த் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் வளர்ந்த அந்தப் படலம், திடீரென முழு உப்புநீரைச் சந்திக்கும்போது பெரும்பாலும் செயலிழந்துவிடுகிறது. இறந்த நுண்ணுயிர்கள் தாமே அழுகி அம்மோனியாவைக் கூட்டுவதும் உண்டு. பழைய வடிகட்டிப் பஞ்சை அப்படியே புதிய தொட்டிக்கு மாற்றி, 'சுழற்சி ஏற்கெனவே முடிந்த தொட்டி' என்று நம்பியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நன்னீரில் பொறுத்துக்கொள்ளப்பட்ட அம்மோனியா கடல்நீரில் பொறுத்துக்கொள்ளப்படாததற்கும் காரணம் இருக்கிறது. அம்மோனியா நீரில் இரு வடிவங்களில் உள்ளது. அவற்றுள் ஒன்றுதான் செவுள்களை ஊடுருவும் நஞ்சு. பி.எச். உயர உயர அந்த நச்சு வடிவத்தின் பங்கு பெருகும். பி.எச். 7 உள்ள நன்னீரோடு ஒப்பிட்டால், 8.2 உள்ள கடல்நீரில் அந்தப் பங்கு பத்து மடங்குக்கும் மேல். விந்தையாக, நைட்ரைட் விஷயத்தில் நிலை மாறுகிறது. கடல்நீரிலுள்ள ஏராளமான குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே நுழைவதைத் தடுப்பதால் அதன் தீங்கு அங்கே குறைவு. எனவே புதிய கடல்நீர்த் தொட்டியில் முதலில் அஞ்ச வேண்டியது அம்மோனியாவுக்கே.

ஆகையால் மீன் இல்லாமலேயே நுண்ணுயிருக்கு உணவிட வேண்டும். அம்மோனியம் குளோரைடு கரைசல் சில துளிகளோ, ஒரு சிட்டிகை மீன் உணவோ இட்டு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை அம்மோனியா இருக்குமாறு பார்த்துக்கொள்ளலாம். புட்டியில் விற்கப்படும் கடல்நீர் பாக்டீரியா காலத்தைச் சற்றுக் குறைக்கும், நீக்கிவிடாது. சில நாட்களில் அம்மோனியா இறங்கத் தொடங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். 2 மில்லிகிராம் அம்மோனியா 24 மணி நேரத்தில் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் நாளில்தான் தொட்டி தயார். இதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆவது வழக்கம். செயற்கைப் பாறை மட்டும் உள்ள தொட்டியில் இன்னும் கூடலாம். சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைக்கப் பாதி நீரை மாற்ற வேண்டும். இடையில் மணலும் கல்லும் பழுப்பு நிறப் பாசியால் மூடப்படும். தோல்வி என்று எண்ணிப் பலர் தொட்டியைக் கலைத்துவிடுவது அப்போதுதான். அது டயாட்டம் எனும் நுண்பாசி. பெரும்பாலும் தானே மறையும்.

முதல் மீன்

முதலில் வரத் தகுந்தது, பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் இணை. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், விழிஞ்ஞம், மண்டபம் ஆகிய தனது மையங்களில் கோமாளி மீன், டாம்செல் மீன் இனங்களைப் பொரித்து வளர்க்கும் முறைகளை உருவாக்கியுள்ளது. லட்சத்தீவின் அகத்தி தீவில், லக்னோவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய மீன் மரபுவள அமைப்பு, கடல்சார் அலங்கார உயிரினங்களுக்கான மையம் அமைத்து, அலங்கார இறால் வளர்ப்பில் தீவுப் பெண்களுக்குப் பயிற்சி அளித்துள்ளது. பொரிப்பகத்து மீன் பிறந்ததிலிருந்தே தொட்டி நீரையும் குறுணை உணவையும் அறிந்தது. பாறையிலிருந்து பிடிக்கப்பட்ட மீனோ, அதைத் தன் உணவு என்றே உணராமல் பட்டினி கிடக்கலாம். கோமாளி மீனுக்குக் கடல் சாமந்தி கட்டாயம் வேண்டும் என்பதும் தவறான நம்பிக்கையே. சாமந்தியை வளர்ப்பதுதான் அந்த மீனை வளர்ப்பதைவிடக் கடினம்.

எந்த மீனும் நேராகத் தொட்டிக்குள் செல்லக்கூடாது. நான்கு வாரங்களேனும் தனித் தொட்டியில் வைத்துக் கவனிக்க வேண்டும். கடல்நீர் வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி, மீனிலிருந்து உதிர்ந்து மணலில் கூடு கட்டி, அங்கிருந்து நூற்றுக்கணக்கில் பெருகி மீண்டும் மீனைத் தாக்குவது. ஒருமுறை முதன்மைத் தொட்டிக்குள் நுழைந்துவிட்டால், இறாலும் நத்தையும் உள்ள நீரில் தாமிர மருந்தை ஊற்றவும் வழியில்லை. எல்லா மீன்களையும் பிடித்து வெளியேற்றி இரண்டு மாதங்களுக்கும் மேல் தொட்டியைக் காலியாக விட நேரும். பவுடர் புளூ டாங் இந்நோய்க்கு எளிதில் இரையாகும் இனம் என்பதோடு, இடைவிடாமல் நீந்த மிகப் பெரிய தொட்டி கேட்பது. அழகுக்காக முதல் மாதத்தில் வாங்கப்பட்டு, முதல் மாதத்திலேயே இழக்கப்படும் மீன் அது.

கடினமான மீன்களின் கடினம் எதில்?

நீரில் அன்று, பெரும்பாலும் வாயில். மூரிஷ் ஐடல் கடற்பஞ்சுகளை மேய்வது. தொட்டியில் பல வேளைகளில் உணவைத் தொடாமலே மெலியும். 'ஃபைண்டிங் நீமோ' திரைப்படத்தில் தொட்டியிலிருந்து தப்பிக்கத் திட்டம் தீட்டும் கில், இந்த இனத்தைச் சேர்ந்ததே. பட்டாம்பூச்சி மீன்களில் சில இனங்கள் உயிருள்ள பவளத்தின் சதையை மட்டுமே உண்பவை. பிற மீன்களின் உடலிலிருந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும் கிளீனர் ராஸ், நான்கைந்து மீன்கள் மட்டுமுள்ள வீட்டுத் தொட்டியில் வேலையும் உணவும் இன்றிச் சாகும். இவற்றை வாங்காதிருப்பதே இவற்றுக்குச் செய்யும் உதவி. எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் இங்கே துணைக்கு வராது.

மாண்டரின் மீன் மட்டும் சற்றே வேறுபட்டது. கல்லிடுக்குகளில் ஊரும் கோப்பிபாட் எனும் நுண்ணிய ஓட்டுடலிகளை நாள் முழுதும் கொத்திக்கொண்டே இருப்பது அது. புதுத் தொட்டியில் அவை இரா. இருந்தாலும் சில நாட்களில் தீரும். பாறைகள் மிகுந்து, உணவுக்குப் போட்டியிடும் மீன்கள் குறைந்து, ஓராண்டேனும் முதிர்ந்த தொட்டியில் கோப்பிபாட்கள் தாமே பெருகி நிலைபெறும். அதைச் சோதிக்கச் செலவில்லாத வழி உண்டு. விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, கைவிளக்கைக் கண்ணாடியின் மேல் காட்ட வேண்டும். ஊசிமுனையளவு வெண்புள்ளிகள் கண்ணாடியெங்கும் திடுக்கிட்டு ஓடினால் அவை கோப்பிபாட்கள். ஒன்றிரண்டு மட்டுமே தெரிந்தால், மாண்டரின் மீன் இன்னும் சில மாதங்கள் கடையிலேயே இருக்கட்டும்.